நீல நாற்காலிச் சிறுமி: ஆன்லைன் கான்வாஸும் லேப் பிரிண்ட்டும்

பாரிஸில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் மேரி கசாட் 1878இல் வரைந்த 'நீல நாற்காலியில் சிறுமி' ஓவியத்தின் கான்வாஸ் பிரிண்ட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். பணம் அக்காவுடையது, ஆர்டர் போட்டது நான், மாட்ட வேண்டிய இடம் அக்கா மகளின் அறை. அளவு 60 × 40 செ.மீ. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியது. அதற்கு மேல் 'கைவேலைத் தூரிகை டெக்ஸ்சர்' என்று ஒரு கூடுதல் வசதி, அதற்குத் தனிக் காசு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேக்கிங் பிரமாதம், மரச்சட்டம் பிரமாதம், படம் தேறாது. ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் சட்டம் அடித்த தச்சருக்கு.

விற்றவர் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி விற்கிற தளங்கள் நிறைய இருக்கின்றன, மாதிரிப் படங்களைப் பார்த்தாலே எல்லோரும் ஒரே வழியில்தான் போகிறார்கள் என்று தெரிகிறது. ஒருவரை மட்டும் பிடித்து அடிப்பதில் பயன் இல்லை.

நான் அச்சகத்தில் ப்ரீ-பிரஸ் பிரிவில் இருக்கிறேன். வருகிற ஃபைலைத் திறந்து, நிறம் பார்த்து, புரூஃப் என்ற மாதிரி அச்சு எடுத்து, பிளேட்டுக்கு அனுப்புகிற வேலை. அதனால் சாதாரணமாக வாங்குபவர் கண்டுகொள்ளாத இடத்தையும் லென்ஸ் வைத்து நோண்டுவேன். குறை கண்டுபிடிப்பதே உனக்குப் பிழைப்பாகிவிட்டது என்பாள் அக்கா. அது உண்மைதான், சம்பளமே அதற்குத்தான் தருகிறார்கள்.

சரி, முதலில் ஓவியம். மூலம் வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மெலன் தம்பதியரின் சேகரிப்பிலிருந்து 1983இல் அங்கே வந்தது. 89.5 செ.மீ. உயரம், 129.8 செ.மீ. அகலம். வலது பக்கம் ஒரு பெரிய நீல நாற்காலி. அதில் ஒரு சின்னப் பெண். உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்வதைவிடச் சரிந்து கிடக்கிறாள் என்பதே சரி. ஒரு கை மடங்கித் தலைக்குப் பின்னால் போகிறது, இன்னொரு முழங்கை நாற்காலியின் கைமேல் கிடக்கிறது. கால்கள் அகன்று தொங்குகின்றன. வெள்ளை கவுன் மேலே ஏறிச் சுருண்டிருக்கிறது. இடுப்பில் கட்டம் போட்ட துணி, சாக்ஸிலும் அதே கட்டம். பார்வை நம் பக்கம் இல்லை, கீழே எங்கோ போகிறது. இடது பக்க நாற்காலியில் ஒரு குட்டி நாய் சுருண்டு தூங்குகிறது. கிரிஃபான் வகை நாய், கசாட் விரும்பி வளர்த்த இனம். பின்னால் இன்னும் சில நீல இருக்கைகள், நடுவில் எதுவுமே இல்லாத சாம்பல் தரை, மேலே ஜன்னல்களிலிருந்து மங்கலான வெளிச்சம்.

படத்தில் இருப்பது அவ்வளவுதான். சிரிப்பு கிடையாது, பூங்கொத்து கிடையாது, பக்கத்தில் தாய் கிடையாது. 'கொஞ்ச நேரம் அசையாமல் இரு' என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஒரு குழந்தை. எவ்வளவு நேரம் இப்படி உட்கார வேண்டும் என்ற எரிச்சல் உதட்டில் இருக்கிறது. குழந்தையை அழகுபடுத்தாமல், கன்னத்தில் கூடுதல் ரோஜா பூசாமல், அதன் சலிப்பை அப்படியே மதித்து வரைந்திருக்கிறார் கசாட். எனக்கு இந்தப் படம் பிடித்ததற்குக் காரணமே அதுதான். கான்வாஸ் கெட்டுப்போன இடமும் அதுதான்.

அளவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதிக் கோளாறு அங்கேயே நடந்துவிடுகிறது. ஓவியத்தின் அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1.45 வரும். விற்பனைக்குக் கிடைக்கும் 60 × 40 என்பது 1.5. வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் இது 'கேலரி ரேப்' முறை. சட்டத்தின் பக்கவாட்டிலும் படம் மடிந்து போக வேண்டும், எங்களுக்கு வந்ததில் நாலு பக்கமும் 4 செ.மீ. மடிப்பு. அப்படியென்றால் முழுத் துணி 68 × 48. உயரம் 48 வருகிற மாதிரி ஓவியத்தைப் பெரிதாக்கினால் அகலம் 69.6 செ.மீ. வரும். அதில் பக்கவாட்டில் கொஞ்சம் வெட்டி, மீதியில் நாலு பக்கமும் 4 செ.மீ. மடித்தாயிற்று. முன்னால் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது ஓவியத்தின் பரப்பில் ஏறக்குறைய 72 சதவீதம். மீதி 28 சதவீதம் சட்டத்தின் விளிம்பிலும் குப்பையிலும் இருக்கிறது. கால் பங்குக்கு மேல்!

நடுவில் இருக்கிற முகம் தப்பிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் இந்த ஓவியத்தில் விளிம்புகள் சும்மா இல்லை. நாற்காலிகளைச் சட்டம் ஏற்கெனவே பாதியில் வெட்டுகிறது, கசாட் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார். ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களில் உருவங்கள் இப்படி ஓரத்தில் அறுபட்டு நிற்கும். அந்தக் காலத்துப் பாரிஸ் ஓவியர்கள் அவற்றை விரும்பிச் சேகரித்தார்கள். கசாட் அளந்து வெட்டிய இடத்துக்கு உள்ளே வந்து இவர்கள் இன்னொரு முறை வெட்டுகிறார்கள். அதில் மேலே ஜன்னல்களில் பெரும்பகுதி மடிப்புக்குப் போய்விட்டது. ஜன்னல் போனதும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் போய்விட்டது. கீழேயும் தரை குறைந்து நாற்காலி நம் மூக்கில் இடிக்கிற மாதிரி நிற்கிறது. பெரிய அறையில் சின்னப் பெண் தனியாகக் கிடப்பது மூலத்தில் தெரியும். கான்வாஸில் ஃபர்னிச்சர் விளம்பரம்.

இதில் ஆர்டர் பக்கத்தில் காட்டிய மாதிரிப் படத்தையும் சொல்ல வேண்டும். அதில் ஓவியம் முழுதாகவே இருந்தது. ஒரு சோபாவுக்கு மேலே சுவரில் தொங்குவது போன்ற படம். மடிப்பு எவ்வளவு, எங்கே வெட்டு விழும் என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த ஒன்றைக் காட்டியிருந்தால் 'மிரர் எட்ஜ்' கேட்டிருப்பேன், அதாவது விளிம்பில் இருப்பதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பக்கவாட்டில் ஒட்டும் முறை. அல்லது பக்கவாட்டை வெறும் வெள்ளையாக விடச் சொல்லியிருப்பேன். இரண்டையும் படம் அச்சடிக்கும் எந்த லேபும் செய்யும்.

அடுத்தது நிறம். நீலத்தைக் கெடுத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கெடுத்திருந்தார்கள். இந்த நாற்காலி நீலம் பச்சை பக்கம் சாய்ந்த நீலம். அதற்குள் வெளிர், அடர்த்தி, நிழல் என்று எத்தனையோ படிகள். மேலே சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாகத் துணியின் பூ வேலைப்பாட்டைக் குறிக்கும் அவசரத் தீற்றல்கள். 'விவிட்' என்று ஒரு பட்டனைத் தட்டி நிறத்தை ஏற்றினால் என்ன நடக்கும்? சயான், அதாவது அச்சில் போடும் நீல மை, உச்சத்தில் போய் முட்டிக்கொள்ளும். முட்டிய பிறகு அடர்ந்த நீலத்துக்கும் நடுத்தர நீலத்துக்கும் வேறுபாடு இருக்காது. கான்வாஸில் நாற்காலியின் இருக்கையும் முதுகும் கையும் ஒரே நீலம், ஓரத்தில் மட்டும் கறுப்புக் கோடு. தூரத்திலிருந்து பளிச்சென்று இருக்கிறது. கிட்டே போனால் துணி இல்லை, பிளாஸ்டிக்.

இருந்தாலும் நீலத்தைவிட எனக்கு ஆத்திரம் வந்தது சாம்பல் தரையைப் பார்த்துத்தான். அச்சகத்தில் நிறம் பார்க்கிறவர்கள் மெஷினிலிருந்து ஷீட்டை எடுத்ததும் முதலில் பார்ப்பது சிவப்பையோ நீலத்தையோ அல்ல, ஓரத்தில் இருக்கும் சாம்பல் கட்டத்தை. சயான் 50 சதவீதம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மை 40, மஞ்சள் 40 என்று சேர்ந்தால் கண்ணுக்கு நடுநிலையான சாம்பல் கிடைக்கும். மூன்றில் ஒன்று கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் சாம்பல் உடனே காட்டிக்கொடுத்துவிடும், பழுப்பாகும் அல்லது ஊதாவாகும். வேறு எந்த நிறத்திலும் இவ்வளவு சீக்கிரம் தெரியாது. கசாட் இந்தப் படத்தில் தரையைக் குளிர்ந்த சாம்பலாக, லேசான பழுப்போடு விட்டிருக்கிறார். அது அமைதியாகக் கிடப்பதால்தான் நீலம் அவ்வளவு சத்தமாக இருக்கிறது. கான்வாஸில் 'வார்ம் டோன்' ஏற்றித் தரையை மரப்பலகை நிறமாக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் ஒருவர் தரையைக் காட்டி 'நல்ல தேக்கு மாதிரி இருக்கே' என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

வெள்ளை கவுனைப் பற்றி ஒரு வரி போதும்: அதில் மை விழுந்த இடமே குறைவு, துணியின் சொந்த வெள்ளையே கவுனாக நிற்கிறது. இந்த வகைத் துணியில் பூச்சோடு வெளிர்ப்பூட்டும் ரசாயனம் கலந்திருப்பார்கள், பகல் வெளிச்சத்தில் நீலமாக மின்னும். சோப்பு விளம்பரத்துக்கு ஆகும்.

முகத்துக்கு வருகிறேன். இங்கேதான் புதுக்காலத்து வியாதி. சின்ன ஃபைலை வைத்துக்கொண்டு ஏஐ மென்பொருளால் பெரிதாக்கியிருக்கிறார்கள். அந்த மென்பொருள் இருப்பதைப் பெரிதாக்குவதோடு நிற்பதில்லை, இல்லாததையும் போட்டுக்கொடுக்கும். கசாட் கையை எப்படி விட்டிருக்கிறார் என்று மூலத்தில் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெளிவாக இல்லை, சில தீற்றல்களில் கை முடிகிறது. கான்வாஸில் அதே கையில் நகம் முளைத்திருக்கிறது. அளவாக வெட்டிய, சுத்தமான நகங்கள். தூங்கும் நாய் மூலத்தில் அடர்நிறத் தீற்றல்களின் ஒரு குவியல், உற்றுப் பார்த்தால்தான் முகம் எந்தப் பக்கம் என்று புரியும். கான்வாஸில் அதற்கு ஒவ்வொரு மயிராக வந்துவிட்டது, ஒரு கண்ணும் திறந்துவிட்டது. தூங்குகிற நாயை எழுப்பிவிட்டார்கள்.

பெண்ணின் முகத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கியிருக்கிறார்கள். கன்னத்தில் ரோஸ். உதட்டோரம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மேலே வளைந்திருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அங்கே ஒரு நிழல் தீற்றலை மென்பொருள் உதட்டுக் கோடு என்று எடுத்துக்கொண்டது தெரிகிறது. இதை நான் கவனிப்பதற்கு முன்பே அக்கா மகள் கேட்டுவிட்டாள். அவளுக்கு ஏழு வயது.

"மாமா, இவ ஏன் சிரிக்கிறா? யாராவது போட்டோ எடுக்கிறாங்களா?"

நான் பக்கம் பக்கமாக எழுதுவதை அவள் அந்த ஒரு கேள்வியில் முடித்துவிட்டாள்.

'கைவேலைத் தூரிகை டெக்ஸ்சர்' என்பது என்னவென்றால், அச்சடித்த துணிமேல் நிறமற்ற அக்ரிலிக் ஜெல்லைத் தட்டையான பிரஷ்ஷால் தடவுவது. காய்ந்ததும் மேடு பள்ளமாக இருக்கும், தடவிப் பார்த்தால் ஆயில் பெயின்டிங் போல் தோன்றும். செய்பவர் படத்தில் உள்ள தீற்றல்களின் போக்கிலேயே தடவினால் கொஞ்சம் பொருந்தும். எங்களுக்கு வந்ததில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் இடமிருந்து வலமாக ஒரே இழு. ஜெல்லின் வரிகள் பெண்ணின் நெற்றி, மூக்கு, பின்னால் உள்ள சோபா எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கடக்கின்றன. விளக்கு வெளிச்சம் படும்போது முகத்தைவிட வரிகள்தான் முதலில் தெரியும். மூலத்தில் கவுன் மடிப்பில் ஒரு போக்கு, நாற்காலிக் கையின் வளைவில் இன்னொரு போக்கு, தரையில் வேறு போக்கு. எந்தப் பொருளோ அதற்கேற்ற கையசைவு. வேகமான தீற்றல்களாலேயே வெளிச்சத்தைப் பிடிக்கிற இம்ப்ரெஷனிஸ்ட் படத்தில் தீற்றலைத் தவறவிட்டால் வேறு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வசதிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். யார் விற்றாலும் சரி.

இந்தப் படத்தை 'சரிசெய்ய' நினைத்தவர்கள் இவர்கள் முதல் ஆட்கள் அல்ல என்பதுதான் வேடிக்கை. 1878இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியின் அமெரிக்கப் பிரிவுக்குக் கசாட் இதை அனுப்பினார். நிராகரித்துவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 1903இல், ஓவிய வியாபாரி அம்ப்ருவாஸ் வொலாருக்கு எழுதிய கடிதத்தில்கூட அந்தக் கோபம் ஆறவில்லை. தேர்வுக்குழுவில் மூன்று பேர், அதில் ஒருவர் மருந்துக்கடைக்காரர் என்று எழுதுகிறார்! அதே கடிதத்தில்தான் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்தக் குழந்தை பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகாவின் நண்பர் வீட்டுப் பிள்ளை. டெகா படத்தைப் பார்த்துப் பாராட்டி, பின்னணிக்கு யோசனை சொல்லி, தானே தூரிகை எடுத்துக் கொஞ்சம் வேலையும் செய்திருக்கிறார். டெகா கைவைத்த படத்தையே மறுத்தார்களே என்பதுதான் கசாட்டுக்குக் கூடுதல் எரிச்சல்.

டெகா எங்கே கைவைத்தார் என்பதற்கு வாஷிங்டன் ஓவியக்கூடம் 2014இல் நடத்திய டெகா–கசாட் கண்காட்சியை ஒட்டிச் செய்த ஆய்வு ஒரு பதில் தந்தது. அகச்சிவப்புக் கதிர் கொண்டு பார்த்தபோது பின்சுவர் முதலில் கிடைக்கோடாக இருந்ததும், பிறகு சாய்கோடாக மாறி அறைக்கு ஒரு மூலை கிடைத்ததும் தெரியவந்தது. அந்த மாற்றம் டெகாவின் யோசனை, அங்கே அவர் கையும் இருக்கிறது என்பது ஆய்வாளர்கள் கருத்து. அந்த மூலை இருப்பதால்தான் அறை பின்னால் ஆழமாகப் போகிறது, நாற்காலிகள் தரையில் மிதந்து திரும்புவதுபோல் இருக்கின்றன. இதைப் படித்துவிட்டுக் கான்வாஸில் அந்த மூலையைத் தேடினேன். பாதி மடிப்பில், மீதி கான்ட்ராஸ்ட் ஏற்றியதில் கரைந்துபோயிருந்தது. அமெரிக்கப் பிரிவுக் குழுவாவது படத்தை வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதோடு நிறுத்திக்கொண்டது.

விற்றவர்களுக்கு ஒரு நீளமான மெயில் போட்டேன். பதில் சீக்கிரமாகவே வந்தது, மரியாதையாகவும் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். எல்லாப் படத்தையும் 'அழகுபடுத்தி'த்தான் அனுப்புவார்களாம், வாடிக்கையாளர்கள் அதைத்தான் விரும்புகிறார்களாம். அழகுபடுத்தாமல் ஒன்று அடித்துத் தர முடியுமா என்று கேட்டதற்கு, அந்த வசதி அமைப்பிலேயே இல்லை என்றார்கள். ஆர்டருக்குச் செய்த பொருள் என்பதால் திருப்பி எடுக்க மாட்டார்கள், அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன் தருகிறோம் என்று முடித்தார்கள். கூப்பன் இன்னும் மெயிலில் கிடக்கிறது. யாருக்காவது மலைகள், குதிரைகள் படம் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

அப்புறம் செய்ததுதான் இந்த விமர்சனத்தை எழுத வைத்தது. வாஷிங்டன் ஓவியக்கூடம் தன்னிடம் உள்ள, காப்புரிமைக் காலம் முடிந்த ஓவியங்களின் படங்களை இலவசமாகவே தருகிறது. பதிவு செய்யவும் வேண்டாம், அனுமதி கேட்கவும் வேண்டாம், வணிகத்துக்கே பயன்படுத்தலாம். கசாட் இறந்தது 1926இல், ஓவியத்துக்குக் காப்புரிமைச் சிக்கல் கிடையாது. அங்கிருந்து கிடைக்கும் ஃபைல் 58 செ.மீ. அகலத்துக்கு அடித்தாலும் அங்குலத்துக்கு 150 பிக்சலுக்கு மேல் நின்றது. கையில் பிடித்துப் படிக்கிற புத்தகத்துக்கு அது போதாது. சுவரில் மாட்டி ஓரிரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்குத் தாராளம்.

அதை ஒரு ஃபைன் ஆர்ட் பிரிண்ட் எடுக்கும் லேபுக்குக் கொண்டுபோனேன். ஆஃப்செட் மெஷின் இல்லை, பெரிய இங்க்ஜெட், எளிதில் மங்காத பிக்மென்ட் மை. பேப்பர் பருத்திக்கூழில் செய்த மேட் வகை, சதுர மீட்டருக்கு 310 கிராம் (ஜிஎஸ்எம்). படம் 58 × 40 செ.மீ. இது சரியாக 1.45, எந்தப் பக்கமும் ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டத் தேவையில்லை. சுற்றிலும் 5 செ.மீ. வெள்ளை விடச் சொன்னேன். ஆட்டோ திருத்தம் எதுவும் வேண்டாம், அந்தப் பேப்பருக்கான ஐசிசி புரொஃபைலை (எந்த நிறத்துக்கு எவ்வளவு மை என்று பிரிண்டருக்குச் சொல்லும் ஃபைல்) மட்டும் போடுங்கள் என்று எழுதியே கொடுத்தேன். வாயால் சொன்னால் ஷிஃப்ட் மாறும்போது காணாமல் போய்விடும், எங்கள் அச்சகத்திலும் அதே கதைதான்.

முழுதாக அடிப்பதற்கு முன் சோதனைத் துண்டு கேட்டு வாங்குங்கள். அநேகமாக எல்லா லேபும் சிறு தொகைக்குத் தருவார்கள். எந்த இடத்தைக் கேட்பது என்பதில்தான் விஷயம். பொதுவாக முகத்தைக் கேட்பார்கள். நான் கேட்டது மூன்று இடம்: வெறும் சாம்பல் தரையில் ஒரு சதுரம், நாய் படுத்திருக்கும் நாற்காலியின் ஓரம், இடுப்பில் உள்ள கட்டம் போட்ட துணி. முதல் துண்டில் தரை கொஞ்சம் பச்சையடித்தது. லேப்காரர் பிரிண்டரை மறுபடி அளந்து இன்னொரு துண்டு எடுத்தார், சரியாகிவிட்டது. நீலத்தை யாரும் தொடவே இல்லை. சாம்பல் சரியானதும் நீலம் தானாக இடத்துக்கு வந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. மேட் பேப்பரில் கறுப்பு ஆழமாக இறங்காது. ஷூவும் நாயும் திரையில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் வெளிறித் தெரிகின்றன. பாரைட்டா என்ற போட்டோ வகைப் பேப்பர் எடுத்தால் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் அதில் ஒரு மினுமினுப்பு உண்டு. எதிரே ஜன்னல் இருக்கும் சுவருக்கு ஆகாது. எங்கள் சுவருக்கு எதிரே ஜன்னல், அதனால் மேட். தீற்றல்களின் மேடு தடிப்பு எதிலும் வராது, அதற்கு மூலத்தின் முன்னால் போய்த்தான் நிற்க வேண்டும். ஆனால் தீற்றல் எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. நாற்காலிக் கையின் வளைவில் வெளிர்நீலம் ஒரே இழுப்பில் வந்து மெலிந்து நிற்கிற இடத்தை இதில் விரலால் தொடரலாம். கான்வாஸில் அந்த இடமே கிடையாது.

செலவு: பிரேம், மவுன்ட் எல்லாம் சேர்த்துக் கான்வாஸ் விலையில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இதில் பெரும்பகுதி பிரேமுக்கு. பிரிண்ட்டுக்கு மட்டும் பார்த்தால் கான்வாஸைவிடக் குறைவு. பிரேமில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் மவுன்ட் போர்டில் மட்டும் கைவைக்காதீர்கள், ஆசிட் இல்லாத போர்டாகக் கேளுங்கள். சாதாரண அட்டை வைத்தால் சில வருஷத்தில் படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு விழும். குழந்தைகள் அறை என்றால் கண்ணாடி வேண்டாம், பிரதிபலிக்காத அக்ரிலிக் ஷீட் போடுங்கள். விளக்கும் முக்கியம். மஞ்சள் வெளிச்ச எல்ஈடியின் கீழ் இந்த நீலம் செத்துப் பச்சையாகிவிடும். நிறத்தை ஓரளவு நேர்மையாகக் காட்டும் 4000 கெல்வின் (நடுத்தர வெள்ளை) விளக்கு ஒன்று போட்டோம்.

எல்லாப் படத்துக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். அதே வாஷிங்டன் ஓவியக்கூடத்தில் பிரெஞ்சு ஓவியர் ரென்வாரின் 'நீர்ப்பூவாளியுடன் சிறுமி' இருக்கிறது, 1876. தோட்டம், பூக்கள், நீல உடை, தலையில் சிவப்பு ரிப்பன், ரோஜாக் கன்னம். நிறத்தை இரண்டு படி ஏற்றினாலும் அது தாங்கிக்கொள்ளும். ரென்வார் ஏற்கெனவே இனிப்பு போட்டுத்தான் தருகிறார், கொஞ்சம் கூடினால் யாருக்கும் தெரியாது. அதுவும் நிற்கும் படம், 100 × 73 செ.மீ., கடையில் கிடைக்கும் 4:3 சட்டங்களுக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். அவசரமாகக் குழந்தைகள் அறைக்கு ஒரு இம்ப்ரெஷனிஸ்ட் படம் வேண்டுமென்றால் ரெடிமேட் கான்வாஸில் அதை வாங்குங்கள், பெரிதாக ஏமாற மாட்டீர்கள். கசாட்டின் இந்தப் பெண்ணை மட்டும் அந்த வழியில் வாங்காதீர்கள்.

அப்படியும் ஆன்லைனில்தான் வாங்குவேன் என்பவர்கள் ஆர்டர் போடுவதற்கு முன் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ஃபைல் எங்கிருந்து எடுத்தது, ஏஐயில் பெரிதாக்கியதா, மடிப்பு எத்தனை செ.மீ., வெட்டுக்கோடு போட்ட புரூஃப் அனுப்புவார்களா. நான்காவதுக்கு ஆம் என்று சொல்பவர் மற்ற மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வைத்திருப்பார்.

பழைய கான்வாஸைச் சட்டத்திலிருந்து பிரித்தாயிற்று. பைன் மரம், மூலைகளில் ஆப்பு வைத்து இறுக்கியது, அணுவளவும் கோணல் இல்லை. அக்கா மகள் அதில் வெள்ளைத் துணி இழுத்துக் கட்டித் தரச் சொல்லியிருக்கிறாள், நாய் வரையப் போகிறாளாம். துணி வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்டேப்ளர் பின் தீர்ந்துவிட்டது, 8 மி.மீ. பின் வாங்க வேண்டும்.